ஒரு நாள் கடல் பயணம்: எக்ஸெல்லில் திட்டம் போடுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், எக்ஸெல் என்றால் அது கடைக்காரர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கட்டம் கட்டமாகத் தெரியும் திரையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். வீட்டு வேலைக்கு எக்ஸெல் எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்காக, எங்கள் வீட்டில் நடந்த ஒரு கணக்கையே இந்தப் பாடமாகத் தருகிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் உள்ள தேவனூர் நாடு. இங்கே ஊராட்சிகளுக்கு 'நாடு' என்றே பெயர். என் அம்மாயிக்கு 74 வயது. மிளகுக் கொடியும் காபிச் செடியுமாகவே வாழ்ந்தவர். கடலைப் பார்த்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வேன் பிடித்து, அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழியில் அங்கே ஒரு காபி, இங்கே ஒரு கோயில். கும்பகோணம் வந்தபோது மணி மூன்று. "இதுக்கு மேல போனா ராத்திரியில மலை ஏறணும் தம்பி, வேண்டாம்" என்றார் டிரைவர் அண்ணன். அவர் சொன்னது சரிதான். காரவள்ளியிலிருந்து மேலே வரும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பிவிட்டோம். "காவிரியைப் பார்த்தாச்சு, அதுவே போதும் சாமி" என்றார் அம்மாயி. அதற்குப் பிறகு கடல் பற்றி அவர் பேசவே இல்லை.

நான் சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன். அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று தினமும் கணக்குப் போடுகிறேன். அம்மாயியின் பயணத்துக்கு ஒரு பத்து நிமிடம் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கை இப்போது சேர்ந்து போடுவோம்.

தேவையானவை

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் 'கால்க்' என்ற புரோகிராம் உள்ளது. இந்தப் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். செல்களின் பெயர்களை இங்கே ஏ2, பி3 என்று தமிழில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

இன்னொரு தேவை, ஊர்களுக்கு இடையே உள்ள தூரம். பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறந்து, 'டைரக்‌ஷன்ஸ்' பட்டனைத் தட்டி, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிடைத்த தூரத்தை 5-இன் மடங்காக மேல்நோக்கி எழுதிக்கொள்ளுங்கள். 36 என்றால் 40, 28 என்றால் 30. மேப் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களும் குழந்தைகளும் ஏறிய வேன் அந்த வேகத்தில் போகாது. மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அட்டவணை தயாரித்தல்

முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடுங்கள்.

ஏ1: இடம்
பி1: முந்தைய இடத்திலிருந்து தூரம்
சி1: ஓடும் நேரம்
டி1: சேரும் நேரம்
இ1: நிற்கும் நிமிடம்
எஃப்1: புறப்படும் நேரம்

தள்ளி, ஹெச்1 செல்லில் 40 என்று டைப் செய்திடுங்கள். இதுதான் நம் வேகம்.

இனி, ஏ2 தொடங்கி ஏ9 வரை ஊர்கள். பக்கத்தில் பி காலத்தில் தூரம்.

ஏ2: தேவனூர் நாடு
ஏ3: காரவள்ளி
ஏ4: நாமக்கல், 30
ஏ5: திருச்சி, 90
ஏ6: தஞ்சாவூர், 60
ஏ7: கும்பகோணம், 40
ஏ8: மயிலாடுதுறை, 40
ஏ9: தரங்கம்பாடி, 30

காரவள்ளிக்குத் தூரம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மலைச்சாலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எங்கள் வீட்டிலிருந்து அடிவாரம் வர வேனுக்கு 2 மணி நேரம். எனவே சி3 செல்லில் நேரடியாக 2:00 என்று டைப் செய்திடுங்கள். எஃப்2-இல் நாம் கிளம்பும் நேரம் 4:00. நிற்கும் நிமிடங்களாக, இ5-இல் 30 (திருச்சியில் காலை உணவு), இ7-இல் 15 (கும்பகோணத்தில் காபி).

நேரம் என்பது ஒரு பின்னம்

பார்முலா போடும் முன் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. பகல் 12 மணி என்றால் அதற்கு 0.5. காலை 6 மணி என்றால் 0.25. திரையில் 6:00 என்று காட்டுவது நம் கண்ணுக்காக மட்டுமே. எனவே மணிக் கணக்கை 24-ஆல் வகுத்தால்தான் எக்ஸெல்லுக்குப் புரியும் நேரம் கிடைக்கும். நிமிடக் கணக்கை 1440-ஆல் (24 x 60) வகுக்க வேண்டும்.

இப்போது சி4 செல்லில் இப்படி டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=பி4/$ஹெச்$1/24

தூரத்தை வேகத்தால் வகுத்தால் மணி. அதை 24-ஆல் வகுத்தால் எக்ஸெல்லின் நேரம். விடை 0.03125 என்று வந்தால் பயப்பட வேண்டாம். செல் மேல் ரைட் கிளிக் செய்து, 'பார்மட் செல்ஸ்' தேர்ந்தெடுத்து, 'டைம்' பிரிவில் 13:30 என்ற மாதிரியைக் கிளிக் செய்திடுங்கள். 0:45 என்று மாறிவிடும். முக்கால் மணி.

ஹெச்1-க்கு இரண்டு டாலர் குறிகள் ஏன்? ஒரு பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எக்ஸெல் அதிலுள்ள செல்களையும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகர்த்தும். பி4, பி5 ஆவது நமக்கு வேண்டும். ஆனால் ஹெச்1, ஹெச்2 ஆகிவிட்டால் அங்கே ஒன்றுமில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்திதான் வரும். டாலர் குறி அந்த செல்லை ஆணியடித்து நிறுத்திவிடும்.

அடுத்து டி3-இல்:

=எஃப்2+சி3

முந்தைய ஊரில் கிளம்பிய நேரத்தோடு ஓடும் நேரத்தைக் கூட்டினால், சேரும் நேரம். எஃப்3-இல்:

=டி3+இ3/1440

இனி சி4 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து சி9 வரை இழுங்கள். டி3, எஃப்3 ஆகியவற்றையும் அப்படியே 9-வது வரிசை வரை இழுங்கள். எண்ணாகத் தெரியும் இடங்களில் மேலே சொன்ன 'டைம்' அமைப்பைக் கொடுங்கள்.

டி9-ஐப் பாருங்கள். 14:00. காலை 4 மணிக்கு வீட்டை விட்டால், பிற்பகல் 2 மணிக்குத்தான் கடல்.

திரும்பும் கணக்கு

பயணத் திட்டம் போடும் பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் ஒரு நாள் பயணத்தை முடிவு செய்வது போகும் நேரம் அல்ல, திரும்பி வந்தாக வேண்டிய நேரம். அதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

இருட்டும் முன் வளைவுகளைத் தாண்ட, மாலை 5 மணிக்குள் காரவள்ளியில் இருக்க வேண்டும். ஏ காலத்தில் விவரமும் பி காலத்தில் கணக்குமாக டைப் செய்திடுங்கள்.

ஏ11: அடிவாரம் சேர வேண்டிய கடைசி நேரம். பி11: 17:00
ஏ12: திரும்பும் பயணம். பி12: =டி9-எஃப்3
ஏ13: தரங்கம்பாடியை விட வேண்டிய நேரம். பி13: =பி11-பி12
ஏ14: கடற்கரையில் இருக்கும் நேரம். பி14: =பி13-டி9

பி12-இல் 8:00 வரும். பி13-இல் 9:00. பி14-இல்? எக்ஸெல்லில் வெறும் ##### குறிகள். செல்லின் அகலம் போதவில்லை என்றாலும் இதே குறிகள்தான் வரும். ஆனால் இங்கே எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகாது. எக்ஸெல்லால் மைனஸ் நேரத்தைக் காட்ட முடியாது என்பதே காரணம். (லிப்ரே ஆபிஸில் மைனஸ் குறியோடு காட்டும்.) பார்முலாவை =(பி13-டி9)*24 என்று மாற்றி, 'பார்மட் செல்ஸ்' சென்று 'நம்பர்' தேர்ந்தெடுங்கள். விடை -5.

அதாவது, நாங்கள் கடற்கரையில் கால் வைப்பதற்கு 5 மணி நேரம் முன்பே அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும்! அன்று நாங்கள் எங்கும் நிற்காமல் ஓடியிருந்தாலும், விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பியிருந்தாலும் முடிந்திருக்காது. மூன்று வருடமாக நான் காபிக் கடையையும் கோயிலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டமே நடக்காத திட்டம் என்பதை ஒரு மைனஸ் குறி சொல்லிவிட்டது.

ஹெச்1-இல் 40-ஐ 60 ஆக்கிப் பாருங்கள். எல்லா நேரங்களும் ஒரே நொடியில் மாறும். அப்போதும் கடற்கரை நேரம் மைனஸில்தான் நிற்கும். வேகம் கூட்டித் தீர்க்கும் கணக்கு அல்ல இது. மறுபடியும் 40 போட்டுவிடுங்கள்.

மத்தியதரைக் கடல் ஓரம் பார்சிலோனாவில் இருப்பவர் சிட்ஜெஸ் என்ற கடற்கரை ஊருக்கு ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. மலையில் இருப்பவர்களுக்குத் தேவை.

புறப்படும் இடத்தை மாற்றுவோம்

திருச்சியில் என் சித்தி வீடு இருக்கிறது. சனிக்கிழமையே பஸ்ஸில் இறங்கி அங்கே தங்கிவிட்டால்? ஞாயிறு திருச்சியில் வேன் பிடித்துப் போய், இரவு மறுபடி சித்தி வீடு. திங்கட்கிழமை பகலில் மலை ஏறலாம். விடுமுறை ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

கீழே ஷீட்டின் பெயர் உள்ள இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'மூவ் ஆர் காப்பி' தேர்ந்தெடுத்து, 'கிரியேட் எ காப்பி' கட்டத்தில் டிக் செய்திடுங்கள். பழைய திட்டம் அப்படியே இருக்க, அதன் நகல் கிடைக்கும். நகலில் 2, 3, 4 ஆகிய வரிசைகளைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள்.

திடீரென்று பல செல்களில் பிழைச் செய்தி வரும். பார்முலா தேடும் செல்களை நாம் அழித்துவிட்டோம், அதனால்தான். இப்போது திருச்சி 2-வது வரிசையில் இருக்கிறது. அதில் பி2 முதல் இ2 வரை காலி செய்து, எஃப்2-இல் 4:00 டைப் செய்திடுங்கள். மற்ற ஊர்கள் தாமாகச் சரியாகிவிடும். கும்பகோணத்தில் இப்போது காலை உணவு, எனவே இ4-இல் 45. கீழே ஏ8-இல் 'அடிவாரம்' என்பதைத் 'திருச்சி' என்று மாற்றி, பி8-இல் 20:00. பி9-இல் பார்முலாவை மீண்டும் டைப் செய்திடுங்கள்:

=டி6-எஃப்2

தரங்கம்பாடி சேருவது 9:00. திரும்பக் கிளம்புவது 15:00. கடற்கரை நேரம் 6 மணி!

நான் செய்த தவறு

இந்த இடத்தில் என் தம்பி, "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்கலாமே" என்றான். இ3-இல் 90 போட்டேன். கடற்கரை நேரம் 6-லிருந்து 3 ஆகக் குறைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் நின்றால் மூன்று மணி நேரம் எப்படிக் குறையும்?

யோசித்த பிறகு புரிந்தது. போகும் பயணத்தின் மொத்த நேரத்தையே திரும்பும் நேரம் என்று எழுதியிருக்கிறோம். எனவே கோயிலில் நிற்கும் நேரம் திரும்பும்போதும் ஒருமுறை கழிகிறது. பி9-ஐ இப்படித் திருத்தினேன்:

=டி6-எஃப்2-இ3/1440

இப்போது 4.5. இதுதான் சரி. கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. எனவே எந்த அட்டவணையிலும் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்து, விடை நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு மாறுகிறதா என்று மனக்கணக்காகச் சரிபாருங்கள். பெரிய சாப்ட்வேர்களையும் நாங்கள் இப்படித்தான் சோதிக்கிறோம்.

நான்கரை மணி நேரமும் போதுமானதுதான். ஆனால் வெயில் ஏறும் பத்தரை மணிக்கு அம்மாயியை மணலில் நடக்க வைக்க வேண்டியிருக்கும். தஞ்சாவூரை இன்னொரு நாளுக்கு வைத்தோம். இ3 காலியானது.

ஆறு மணி நேரத்தில் என்ன பார்ப்பது?

இரண்டாவது பட்டியல் இது. இங்கே முதல் விதி, எதற்காகப் போகிறோமோ அதை முதலில் வையுங்கள். கடலைக் கடைசியாக வைத்தால், தாமதமான ஒவ்வொரு நிமிடமும் கடலிலிருந்துதான் கழியும்.

9:00 முதல் 10:30 வரை கடல். அலையில் கால் நனைப்பதோடு சரி, இறங்கிக் குளிப்பது வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய கரைகளில் இதுவும் ஒன்று. கரையோரமாகவே மாசிலாமணி நாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

10:30 முதல் 12:00 வரை டேனிஷ் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க் நாட்டவர் கட்டியது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் உள்ளது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போனதால் பிரச்சினை இல்லை. கிளம்பும் நாளை முடிவு செய்யும் முன் இது போன்ற விடுமுறைகளை ஒரு காலத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

12:00 முதல் 13:30 வரை கட்டுச்சோறும் நிழலும்.

13:30 முதல் 15:00 வரை வேனிலேயே ஊர்ச் சுற்று. 1792-இல் கட்டிய நகர வாசல், 1701-இன் சீயோன் ஆலயம், 1718-இன் புதிய எருசலேம் ஆலயம். 1706-இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு அந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு அவர் கதையில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1712-13-இல் இங்கே அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை. காகிதத்தை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பான்ட் சைஸ் பிரச்சினை அன்றே இருந்திருக்கிறது!

பிரிண்ட் எடுத்தல்

நமக்கு எழுத்து வார்க்கும் வேலை இல்லை. 'பைல்' மெனுவில் 'பிரிண்ட்' சென்று, கீழே 'நோ ஸ்கேலிங்' என்று இருப்பதை 'பிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' என்று மாற்றுங்கள். அட்டவணை முழுவதும் ஒரே தாளில் அடங்கும். மொபைலில் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சார்ஜ் தீரலாம், சிக்னல் கிடைக்காமல் போகலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை டிரைவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தால், காபிக் கடையில் அவரே நம்மை எழுப்பிவிடுவார்.

செலவுக்கும் இதே ஷீட் போதும். தூரங்களின் கூட்டலை இரண்டால் பெருக்கினால் போக வர 340 கி.மீ. அதை உங்கள் ஊர் வேனின் கி.மீ. வாடகையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல், எஸ் கீகளை அழுத்தி சேவ் செய்ய மறக்காதீர்கள்.

கடைசியாக

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஷீட் சொன்னது 9:00. வேன் போய் நின்றது 9:20. மயிலாடுதுறையில் ரயில்வே கேட். எந்தத் திட்டத்திலும் இப்படி இருபது நிமிடம் நழுவும். ஆறு மணி நேரம் கையில் இருந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

அம்மாயி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மணல் வரை போய் நின்றார். எதுவும் பேசவில்லை. கோட்டைக்குப் போக நேரமாகிவிட்டது என்று தாளைக் காட்டினேன். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சாமி, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். 10:30 என்று போட்டிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, பேனாவால் 12:00 என்று எழுதினேன்.

பயிற்சி: உங்கள் ஊரிலிருந்து, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் பார்க்க விரும்பும் ஓர் இடத்துக்கு இதே போல் அட்டவணை தயார் செய்யுங்கள். கடைசி செல்லில் மைனஸ் வந்தால் மனம் தளர வேண்டாம். புறப்படும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.